நாலு யூஎஸ்பி மைக், ஒரே லேப்டாப்: ஓடுமா, ஓடாதா?

குடியாத்தம்_கைலி:
வணக்கம். கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்காக எங்கள் பள்ளி ஆசிரியர்கள் ஆளுக்கொன்றாக வாங்கிய யூஎஸ்பி மைக்குகள் நான்கு பீரோவில் தூங்குகின்றன. நான்கும் ஒரே மாடல். எங்கள் பக்கத்தில் தெருக்கூத்து ஆடிய பெரியவர்கள் மூன்று பேரை உட்காரவைத்து, நானும் கூட உட்கார்ந்து, அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய ஆசை. கடைசியில் மத்தளம், முகவீணை என்ற ஊதுவாத்தியத்தோடு இரண்டு பாட்டும் பாடித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். இருப்பது ஒரு விண்டோஸ் லேப்டாப், அதில் இரண்டு யூஎஸ்பி ஓட்டை. ஆளுக்கொரு டிராக்காக, அதாவது தனித்தனி ஒலித்தடமாக எடுக்க முடியுமா? ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் முயன்றேன். ஒரு நேரத்தில் ஒரு மைக்கைத்தான் தேர்ந்தெடுக்க விடுகிறது.

கோட்டை_அகழி:
சார், வேண்டாம். ஒரு ஆள், ஒரு கம்ப்யூட்டர் என்று நினைத்துச் செய்த சாமான் அது. நான்கையும் கேட்கிற விலைக்குத் தள்ளிவிட்டு, நாலு மைக்கைச் செருகிக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி ஒன்று வாங்குங்கள். கூடவே நாலு சாதா டைனமிக் மைக். சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறேன், திருவிழாவுக்கு நாலு யூஎஸ்பி மைக் எடுத்துக்கொண்டு போனால் என்னை அகழியில் தள்ளிவிடுவார்கள்.

முள்ளுக்கத்திரி:
அண்ணே, பள்ளிக்கூட வாத்தியாரிடம் போய் பத்தாயிரத்துக்கு மேல் செலவு வைக்கிறீர்களே. கையில் மைக் இருக்கிறது, ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருள் இலவசம்.

சார், ஓபிஎஸ் வீடியோவுக்கு மட்டும் இல்லை. நான்கு மைக்கையும் நான்கு ஆடியோ சோர்ஸாகச் சேர்த்து, ஆடியோ அமைப்பின் விரிவான பகுதிக்குப் போய் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு டிராக்குக்கு ஒதுக்குங்கள். மொத்தம் 6 டிராக் வரை தரும். எம்கேவி வடிவத்தில் பதிவு செய்யுங்கள், நடுவில் லேப்டாப் படுத்துவிட்டாலும் அதுவரை பேசியது மிஞ்சும். ஆரம்பிக்கும் முன் விண்டோஸ் ஒலி அமைப்பில் நான்கையும் 48000 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், ஓபிஎஸ்ஸிலும் அதே எண். நான்கும் ஒரே பெயரில்தான் தெரியும், முன்னால் 2, 3 என்று எண் மட்டும் இருக்கும். எதற்குள் செருகினீர்களோ அதை மாற்றாதீர்கள். ஒவ்வொரு மைக்கிலும் ஒரு நிற டேப் ஒட்டி, பட்டியலிலும் அதே நிறத்தைப் பெயராக வைத்துவிடுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாமல்தான் நான் ஒரு ராத்திரி முழுக்க யார் குரல் யாருடையது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

கோட்டை_அகழி:
பதிவாகும், அதை நான் மறுக்கவில்லை. பதிவான பிறகு என்ன ஆகும் என்பதைத் தம்பி சொல்லவில்லை.

யூஎஸ்பி மைக் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒலியை எண்ணாக மாற்றும் சில்லு ஒன்று இருக்கிறது, அதற்குத் தாளம் போட ஒரு படிகக் கடிகாரம். செகண்டுக்கு 48000 முறை என்று வெளியே எழுதியிருப்பார்கள். உண்மையில் ஒன்று 48000.5 தட்டும், பக்கத்தில் இருப்பது 47999.3 தட்டும். நாலு மைக் என்றால் நாலு கடிகாரம். கூத்திலேயே பாருங்கள், நாலு பேர் ஆளுக்கொரு தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தட்டினால் விடியும்போது எங்கே நிற்பார்கள்? இன்டர்ஃபேஸில் நாலு மைக்குக்கும் கடிகாரம் ஒன்றுதான். நான் அதற்குத்தான் காசு கொடுக்கச் சொன்னேன்.

ஒன்று கூடச் சொல்லிவிடுகிறேன். யூஎஸ்பி மைக்கை எக்ஸ்எல்ஆராக, அதாவது மிக்ஸரில் செருகும் மூன்று முள் இணைப்பாக மாற்றும் வயர் என்று ஒன்றை யாராவது விற்றால் வாங்காதீர்கள். அந்த மைக்கிலிருந்து வெளியே வருவது எண், மிக்ஸருக்குத் தேவை மின் அலை. வெறும் வயர் அதை மாற்றாது.

முள்ளுக்கத்திரி:
கடிகாரக் கதை உண்மைதான், ஆனால் எவ்வளவு விலகும் என்ற கணக்கு எங்கே? நான் அளந்து பார்த்தேன். இரண்டு லேப்டாப், ஒவ்வொன்றிலும் ஒரு யூஎஸ்பி மைக். ஆரம்பத்தில் ஒரு கைதட்டல், 50 நிமிடம் கழித்து இன்னொன்று. முதல் தட்டலை ஒட்டவைத்துப் பார்த்தால் இரண்டாவது தட்டல் 90 மில்லிசெகண்ட் தள்ளி நின்றது. பத்து லட்சத்தில் 30 பங்கு. ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு டிராக்கின் ஓரத்தை இழுத்தேன், சேர்ந்துவிட்டது. ஐந்து நிமிட வேலை. இதற்கு இன்டர்ஃபேஸா?

கோட்டை_அகழி:
90 மில்லிசெகண்ட் என்றால் குகைக்குள் பேசுகிற மாதிரி இருக்கும் தம்பி. ஒலி ஒரு மில்லிசெகண்டில் போவது சுமார் 34 சென்டிமீட்டர். நீ ஒருவரை 30 மீட்டர் பின்னால் உட்காரவைத்திருக்கிறாய்.

மக்கன்பேடா:
ஆற்காட்டிலிருந்து ஒரு குரல். ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில் இந்தச் சண்டையே இல்லை. ஆடியோ மிடி செட்டப்பைத் திறந்து அக்ரிகேட் டிவைஸ் ஒன்று உருவாக்கினால் நாலு மைக்கும் ஒரே கருவியாகத் தெரியும். ஒன்றைக் கடிகாரத் தலைவராக வைத்து, மற்ற மூன்றுக்கும் டிரிஃப்ட் கரெக்‌ஷன் கட்டத்தில் டிக் போடுங்கள். விலகலை அதுவே சரிசெய்துகொண்டு போகும்.

முள்ளுக்கத்திரி:
இன்டர்ஃபேஸ் வாங்கக் காசில்லை என்கிறவரிடம் மேக் வாங்கச் சொல்கிறீர்கள். நல்லா இருக்கு.

மக்கன்பேடா:
வாங்கச் சொல்லவில்லையப்பா, இரவல் வாங்கச் சொல்கிறேன். குடியாத்தத்தில் ஒரு மேக்கா கிடைக்காது?

பாலாற்றுமணல்:
எல்லாரும் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள், தலைக்கு மேல் பாருங்கள். ஃபேன். இந்த வெயிலில் ஃபேனை நிறுத்தினால் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். நிறுத்தாவிட்டால் நாலு மைக்கும் நாலு முறை ஃபேனைப் பதிவு செய்யும். ஒரு மைக்கோடு ஒப்பிட்டால் நாலு மைக் திறந்திருக்கும்போது அறையின் இரைச்சல் 6 டெசிபல் ஏறும். நடுவில் ஒரே மைக், சுற்றி நாலு பேர், அவ்வளவுதான். விடியற்காலையில் எடுத்தால் ஃபேனும் வேண்டாம்.

குடியாத்தம்_கைலி:
விடிய விடிய ஆடிப் பழகியவர்கள் சார். விடியற்காலை என்பது அவர்களுக்குத் தூங்கும் நேரம்.

கோட்டை_அகழி:
ஒரே மைக் என்றால் மூன்று பேரும் ஒன்றாகப் பேசும்போது யாரையும் பிரிக்க முடியாது. அந்த வகையில் தம்பி பக்கம்தான் நான், ஆளுக்கொன்று வேண்டும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி என்றால், பக்கத்து மைக் குறைந்தது மூன்று சாண் தள்ளி இருக்கட்டும். பேசாதவர் டிராக்கைப் பிறகு வெட்டி ஊமையாக்கிவிட்டால் ஃபேன் இரைச்சலும் குறையும், எதிரொலியும் போகும்.

முள்ளுக்கத்திரி:
அப்படி ஊமையாக்கிவிட்டால் 90 மில்லிசெகண்ட் யார் காதில் விழும் அண்ணே? ஒரு நேரத்தில் ஒரு டிராக்தானே திறந்திருக்கிறது. நீங்களே என் வழக்கை வாதாடிவிட்டீர்கள்.

கோட்டை_அகழி:
பேச்சுக்கு ஒத்துக்கொள்கிறேன். பாட்டுக்கு என்ன செய்வாய்? பாடுகிறவர் மைக்கில் மத்தளம் விழும், மத்தளத்து மைக்கில் முகவீணை விழும், எதையும் ஊமையாக்க முடியாது. நாலு டிராக்கும் திறந்தே இருக்க வேண்டும். 5 மில்லிசெகண்ட் நகர்ந்தாலே மத்தளத்தின் அடி மழுங்கிவிடும், குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடும். இன்னொன்று, கூத்துக்காரர் குரல் மைக்கே இல்லாமல் வயல் தாண்டிக் கேட்கிற குரல். ஆன்லைன் வகுப்பு மைக் தாங்காது, ஒலி உள்ளேயே பிளந்துவிடும். உள்ளே பிளந்த ஒலியை எந்த மென்பொருளாலும் முழுதாக ஒட்ட முடியாது.

முள்ளுக்கத்திரி:
பாட்டுக்கு வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். மூன்றைப் பிடுங்கிவிட்டு ஒரே மைக்கில் எடுக்கட்டும். பட்டனைத் திருகுவதற்குப் பதில் ஆளை நகர்த்த வேண்டும். பாடுகிறவர் கிட்டே, மத்தளம் தள்ளி, முகவீணை இன்னும் தள்ளி. கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை நன்றாகக் குறைத்து, சோதனைப் பாட்டு ஒன்று பாடச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள் சார்.

பாலாற்றுமணல்:
நான் சொன்னதும் அதுதானே!

மக்கன்பேடா:
இரண்டு ஓட்டையில் நாலு மைக் எப்படிச் செருகுவார் என்று யாரும் சொல்லவில்லையே.

முள்ளுக்கத்திரி:
ஹப், ஒரு ஓட்டையைப் பல ஓட்டையாக்கும் பெட்டி. ஆனால் சுவரில் செருகும் அடாப்டரோடு வருகிற ஹப். யூஎஸ்பி 2.0 ஓட்டை ஒன்று தருவது 500 மில்லிஆம்பியர்தான், சாதா ஹப் அதையே எல்லாருக்கும் பங்கு பிரிக்கும். நாலாவது மைக் பாதியில் செத்துவிடும், எனக்கு நடந்திருக்கிறது. டேட்டா வேகம் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு மைக்குக்கு செகண்டுக்கு 768 கிலோபிட், பழைய யூஎஸ்பியே 12 மெகாபிட் போகும். கைதட்டலை நடுவிலும் ஒரு முறை போடுங்கள் சார், விலகல் சீராகப் போகிறதா என்று தெரிந்துவிடும். என் வீடு காட்பாடி ரயில் பாதை ஓரம், வண்டியின் ஹாரனை வைத்தே ஒட்டிவிடலாம் என்று பார்த்தேன். அது மெல்ல ஏறி மெல்ல இறங்கும் சத்தம், எங்கே முனை என்றே பிடிபடவில்லை.

குடியாத்தம்_கைலி:
ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிட்டோம். அடாப்டர் ஹப், ஓபிஎஸ், நிற டேப், மூன்று கைதட்டல். பேச்சு 1 மணி 10 நிமிடம். மூன்று மைக் ஒன்றையொன்று ஒட்டியே வந்தன. நீல டேப் மட்டும் கடைசித் தட்டலில் 80 மில்லிசெகண்ட் பிந்தியது, நடுவில் கிட்டத்தட்ட அதில் பாதி. இழுத்துச் சரிசெய்துவிட்டேன். ஃபேனைச் சின்ன வேகத்தில் வைத்தோம், கேட்கிறது, ஆனால் தாங்கும்.

கோட்டை_அகழி:
80 எனக்குத் தோல்விதான் சார். அடுத்த தடவை சொல்லுங்கள், என் மிக்ஸரையும் நாலு மைக்கையும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன், வாடகை வேண்டாம். பாட்டு எப்படி வந்தது?

குடியாத்தம்_கைலி:
ஒரே மைக்கில் எடுத்தோம். பாடியவரைத் திண்ணையில் மைக்குக்கு முன்னால் உட்காரவைத்து, மத்தளத்தைத் திண்ணைக் கோடியில், முகவீணையை வாசற்படிக்கு வெளியே. நன்றாகவே வந்திருக்கிறது. கேட்டு முடித்ததும் முகவீணைக்காரர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எல்லாரும் உள்ளே இருக்க, என்னை மட்டும் ஏம்பா வெயில்ல நிக்க வச்ச?"