நோர்ட்லிங்கன் பக்கம் மாமனாரின் பூர்வீகக் கிராமம்: நான்கு நாளில் என்ன பார்க்கலாம்?

கயல்: என் கணவர் அமெரிக்கர். மாமனாரின் கொள்ளுத்தாத்தா 1851இல் பவேரியாவில், நோர்ட்லிங்கனை ஒட்டிய ஒரு கிராமத்தில் பிறந்து 1883இல் கப்பலேறியவர். மே மாதம் மாமனார் வருகிறார், வயது 78. முன்னோர் கல்லறையில் ஒரு பூ வைக்க வேண்டும் என்பதுதான் ஆசை. அப்புறம் ஒன்றிரண்டு கோட்டை மதில் ஊர்கள். நாங்கள் இருப்பது ஸ்டுட்கார்ட்டில், கார் கிடையாது.

பழைய தபால்காரன்: கல்லறை ஆசையை இப்போதே தணித்துவிடுங்கள், கயல். இங்கே ஜெர்மனியில் கல்லறை இடம் குத்தகைதான், பெரும்பாலும் 20, 30 வருடம். புதுப்பிக்க ஆளில்லை என்றால் கல்லை எடுத்துவிடுவார்கள். என் மனைவியின் பாட்டி ஊரில் ஒரு மணி நேரம் மழையில் சுற்றினேன். 1960க்கு முந்தைய கல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. குடும்பப் பெயர் கிடைத்தது போர் நினைவுக் கல்லில்தான்.

அரசுப் பிறப்புப் பதிவு வந்த 1876க்கு முன் பிறந்தவர் என்பதால் தேவாலயப் பதிவேடுதான் கதி. நோர்ட்லிங்கனைச் சுற்றிய ரீஸ் பகுதியில் ஒரு கிராமம் புராட்டஸ்டன்ட், அடுத்தது கத்தோலிக்கம் என்று இருக்கும். எது என்று முதலில் கேளுங்கள். பதிவேடுகளை இணையத்தில் பார்க்கலாம்: புராட்டஸ்டன்ட் என்றால் ஆர்கியோன் தளம், காசு கட்ட வேண்டும். கத்தோலிக்கம் என்றால் மாட்ரிகுலா, இலவசம். எல்லா ஊரும் ஏறியிருக்காது. குரெண்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தில் 'e'யும் 'n'னும் ஒன்றுபோல இருக்கும். ஒரு பெயரைப் பிடிக்க எனக்கு இரண்டு மாலை ஆனது.

பூவை ஞானஸ்நானத் தொட்டியருகே வைக்கலாம். பழைய தொட்டி இன்னும் இருந்தால், அந்த 1851 குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றிய இடம் அதுதானே. தேவாலயம் பூட்டியிருக்கலாம். முன்னதாகவே பாதிரியாருக்கு எழுதிவிடுங்கள்.

மதில்மேல் பூனை: ஆலன் வழியாக ரயிலில் நோர்ட்லிங்கன் போய் அங்கேயே தங்குங்கள். மதில்மேல் ஊரைச் சுற்றி முழுதாக நடக்கலாம், 2.7 கிலோமீட்டர், மேலே கூரை உண்டு. ஊர்த் தேவாலயத்தின் டேனியல் கோபுரம் 90 மீட்டர், மாமனாரை ஏற்ற வேண்டாம். இரவு பத்து மணிக்குக் கீழே நின்றாலே போதும், காவலர் மேலிருந்து "ஸோ, க்ஸெல், ஸோ" என்று கூவுவார். ஊர் இருப்பதே விண்கல் விழுந்த பள்ளத்தில், ஏறக்குறைய ஒன்றரைக் கோடி வருடம் முந்தையது. தேவாலயக் கல்லிலேயே கண்ணுக்குத் தெரியாத வைரத்துகள் உண்டு.

இன்னொரு மதில் ஊரான டிங்கெல்ஸ்ப்யூலுக்குப் பேருந்தில் போங்கள். ரோத்தன்பர்க்கும் மதில் ஊர்தான், எனக்கு அங்கே கூட்டம் தாங்காது. ஆனால் 1945 மார்ச் 31 குண்டுவீச்சில் இடிந்த மதிலைக் கட்டப் பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் சுவரிலேயே பதித்திருக்கின்றன. அதை வாசித்துக்கொண்டு நடக்கலாம்.

கயல்: புராட்டஸ்டன்ட் ஊர்தானாம், பாதிரியார் பதில் போட்டுவிட்டார். சாவி எதிர் வீட்டில் இருக்கிறதாம். கல்லறை விஷயத்தை மாமனாரிடம் யார் சொல்வது என்றுதான் இப்போது வீட்டில் பேச்சு. நான் மாட்டேன்.