வனத்து அந்தோணியார் பாலைவனத்துக்குப் போனது சரியா?

நிலவன்:
வனத்து அந்தோணியாரைத் துறவிகளின் தந்தை என்கிறோம். எனக்கு அதில் ஓர் உறுத்தல். பெற்றோர் இறந்தபோது அவருக்கு 18, 20 வயது. கூடவே ஒரு சின்னத் தங்கை. ‘உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு’ என்ற நற்செய்தியைக் கேட்டதும் நிலத்தை ஊராருக்குக் கொடுத்தார், தங்கையை இறைவனுக்காக மணம் துறந்த கன்னியர் சிலரிடம் ஒப்படைத்தார். பிறகு எகிப்துப் பாலைவனத்தில், பாழடைந்த கோட்டைக்குள் சுமார் 20 வருடம் தனியே இருந்தார். அயலானை நேசிக்கச் சொன்ன மதத்தில் இது எப்படிப் புனிதம்?

தெரேசா:
20 வருடத்தோடு நிறுத்திவிட்டீர்களே! கி.பி. 311-இல், ரோமப் பேரரசர் மாக்சிமினுஸ் காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு நேர்ந்த துன்புறுத்தலில் அவர் அலெக்சாந்திரியாவுக்கே வந்தார். சிறையிலும் சுரங்கத்திலும் கிடந்த விசுவாசிகளுக்குப் பணிவிடை செய்தார். துறவிகள் நீதிமன்றத்தில் தலைகாட்டக் கூடாது என்று நீதிபதி உத்தரவு போட்டதும் மற்றவர்கள் ஒளிந்துகொண்டார்கள். இவரோ ஆடையைத் துவைத்து உடுத்தி, மறுநாள் நீதிபதி கண்ணில் படுகிற மாதிரி மேடான இடத்தில் போய் நின்றார். கோட்டைக்குள் தனியாகப் பயத்தோடு மல்லுக்கட்டியவருக்கு வந்த துணிச்சல் அது என்றே நான் நம்புகிறேன்.

வாசகன்:
சிரியாவில் தூண் மேல் வாழ்ந்த சிமியோனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 459-இல் இறக்கும்வரை 30 வருடத்துக்கு மேல் இறங்கவில்லை. ஆனாலும் கீழே கூடிய மக்களின் வழக்குகளைத் தீர்த்துவைத்தார்.

நிலவன்:
வழக்குத் தீர்க்கத் தூண் எதற்கு? நான் கேட்பதை ஆயர் பசிலியாரே 4-ஆம் நூற்றாண்டில் கேட்டுவிட்டார்: தனியாக வாழ்கிறவன் யாருடைய பாதங்களைக் கழுவுவான்? அவர் இன்றைய துருக்கியில் உள்ள செசரியாவில் நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் இல்லம் கட்டினார். என் கணக்கில் அதுதான் துறவு.

தெரேசா:
அந்த பசிலியாரே இளம் வயதில் எகிப்து, சிரியா எல்லாம் போய் இந்தத் துறவிகளைப் பார்த்து வியந்தவர். பிறகு தானும் பொந்துஸ் பகுதியில் ஒதுங்கி வாழ்ந்தார். இல்லம் கட்டியது அதற்கு அப்புறம். அந்தோணியாரும் செங்கடல் பக்கத்து மலையில் தானே கோதுமை விதைத்தார். ரொட்டி சுமந்து வருகிறவர்களுக்குச் சிரமம் வேண்டாமே என்றுதான். தேடி வருகிறவர்களுக்காகக் கீரையும் போட்டார். இதில் அயலான் இல்லையா?

நிலவன்:
சரி, அயலான் இருக்கிறான், ஒத்துக்கொள்கிறேன். தங்கை?

தெரேசா:
பின்னாளில் அண்ணன் அவரைப் பார்த்தபோது அவர் முதியவர், மற்ற கன்னியருக்குத் தலைவி. அண்ணன் மகிழ்ந்தார் என்று அந்தோணியாரின் வாழ்க்கை வரலாற்றில் அதனாசியார் எழுதுகிறார்.

நிலவன்:
அண்ணனின் மகிழ்ச்சியைத்தான் எழுதுகிறார். ஒப்படைக்கும் முன் அந்தச் சிறுமியிடம் யாராவது கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. அவள் பெயரைக்கூட அதனாசியார் சொல்லவில்லை. அந்தோணியாரின் துணிச்சலை நான் மறுக்கவில்லை தெரேசா. அவர் துறந்ததில் அவளுடைய வீடும் அடக்கம் என்கிறேன்.