பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கட்டும் பணம் சி.எஸ்.ஆர். கணக்கில் வருமா?

கேள்வி: பின்னலாடை ஏற்றுமதியாளர், திருப்பூர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்ப நிறுவனம் பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவு செய்யப்பட்டது. சென்ற நிதியாண்டில் நிகர லாபம் முதன்முறையாக 5 கோடி ரூபாயைத் தாண்டியதால், கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, அதாவது லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்லும் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) விதி, இனி எங்களுக்கும் பொருந்தும் என்று ஆடிட்டர் கூறிவிட்டார். மூன்றாண்டுச் சராசரி லாபம் நாலரைக் கோடி என்பதால், அதில் 2 சதவீதமாகிய 9 லட்சம் ரூபாயை இந்த ஆண்டு செலவிட வேண்டும்.

அப்பாவும் பெரியப்பாவும் இதைப் புதிய கடமையாகவே கருதவில்லை. குலதெய்வக் கோவில் திருப்பணி, ஊர்ப் பள்ளிக்கு வகுப்பறை, ஆண்டுதோறும் அன்னதானம் என்று காலங்காலமாகக் கொடுத்து வருபவர்கள் அவர்கள். நாம் செய்வதைத்தான் அரசாங்கம் சட்டம் போட்டுக் கேட்கிறது என்பது அவர்களுடைய வாதம். என் யோசனை வேறு. எங்கள் சாயப்பட்டறை பெரியப்பா பெயரில் தனிப் பங்குதாரர் நிறுவனமாக இயங்குகிறது; அது, பல பட்டறைகளின் சாயக்கழிவு நீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினர். அங்கே மாதந்தோறும் கட்டும் தொகை கணிசமானது. இன்னொரு பக்கம், எங்களிடம் ஆடை வாங்கும் ஐரோப்பிய பையர் அனுப்பும் வினாப்பட்டியலில் தண்ணீர், ரசாயனம், கூலி பற்றிப் பக்கம் பக்கமாகக் கேள்விகள் இருக்கின்றன. இந்த 9 லட்சத்தைச் சுத்திகரிப்புச் செலவுக்குக் கொடுத்தால் சட்டத்துக்கும் பையருக்கும் ஒரே கணக்கில் பதில் சொல்லிவிடலாம் அல்லவா? முடியாது என்றால், வேறு எதில் செலவிடுவது பொருத்தமாக இருக்கும்?

பதில்: பட்டயக் கணக்காளர், கோவை

முடியாது. எந்தப் பணிகள் சி.எஸ்.ஆர். ஆகும் என்று பட்டியலிடும் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் சுற்றுச்சூழல் நிலைத்தன்மை, மண், காற்று, நீர் ஆகியவற்றின் தரத்தைப் பேணுதல் என்று ஒரு இனம் இருப்பது உண்மைதான். அதைப் படித்துவிட்டுத்தான் பலரும் இதே கேள்வியோடு வருகிறார்கள். ஆனால் 2021இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, நிறுவனத்தின் வழக்கமான தொழில் நடவடிக்கையாகச் செய்வதும், வேறொரு சட்டத்தின் கட்டாயத்தால் செய்வதும், ஊழியர்களுக்கு மட்டும் பயன் தருவதும், விளம்பர ஆதாயத்துக்காகக் கொடுக்கும் ஸ்பான்சர்ஷிப்பும் சமூகப் பொறுப்புச் செலவாகா. சாயக்கழிவைச் சுத்திகரிப்பது முதல் இரண்டிலும் விழுகிறது. அதோடு, பட்டறை தனி நிறுவனம். ஏற்றுமதி நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். பணம் குடும்பத்தின் இன்னொரு தொழிலுக்குச் செல்வதை எந்த ஆடிட்டரும் ஏற்கமாட்டார்.

பெரியவர்கள் சொன்னவற்றில் பள்ளி வகுப்பறை தாராளமாக வரும். பசிப்பிணி போக்குதல் அட்டவணையில் இருப்பதால், அன்னதானத்தைத் திருவிழாவோடு சேர்க்காமல் முறையான திட்டமாக நடத்தினால் அதற்கும் இடமுண்டு. வழிபாட்டுக்கு அட்டவணையில் இனமே இல்லை. ஆகவே குலதெய்வக் கோவில் திருப்பணி வராது. அதைச் சொந்தப் பணத்தில் செய்துகொள்ளட்டும்.

குடும்ப அறக்கட்டளை வழியாகச் செலவிட நினைத்தால், அது வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும் மூன்றாண்டுச் செயல்பாட்டு அனுபவமும் உள்ளதா என்றும், சி.எஸ்.ஆர்.-1 படிவம் தாக்கல் செய்து எண் பெற்றிருக்கிறதா என்றும் முதலில் பாருங்கள். தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் தனிக் குழு அமைக்கத் தேவையில்லை. இயக்குநர் குழுவே தீர்மானிக்கலாம். வருமான வரியில் இதைத் தொழிற்செலவாகக் கழிக்க முடியாது என்பதையும் அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் பேச்சு சூடாகும்.

பதில்: முன்பு சுத்திகரிப்பு நிலையமொன்றில் பணியாற்றியவன்

சட்ட விளக்கம் சரி. நான் அதற்கு முந்தைய கேள்விக்கு வருகிறேன்: எது கொடை, எது கடமை? கொங்கு நாட்டுத் தொழில் குடும்பங்களுக்குக் கொடுப்பது புதிதல்ல. பீளமேட்டில் பி.எஸ்.ஜி. குடும்பத்துச் சகோதரர்கள் நால்வரும் சொத்தைப் பிரித்தபோது ஐந்தாவது பங்கு ஒன்றை வகுத்து அதை அறத்துக்கு வைத்தார்கள்; 1926இல் தொடங்கிய அந்த அறக்கட்டளையிலிருந்து பள்ளிகளும் கல்லூரிகளும் மருத்துவமனையும் வளர்ந்தன. 2 சதவீதம் கேட்கும் சட்டத்துக்கு முன் ஐந்தில் ஒன்று கொடுத்த மண் இது. ஆனால் அதே மண்ணில்தான் நொய்யலும் ஓடுகிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் அந்த ஆற்றில் சாயநீர் ஓடிக்கொண்டிருந்தபோது, கரையோரத்து முதலாளிகள் கோவிலுக்கும் பள்ளிக்கும் தாராளமாகவே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தர்மக் கணக்கில் எப்போதும் வரவு இருந்தது. ஆற்றின் கணக்கை எவரும் எழுதவே இல்லை.

அந்தக் கணக்கை எழுத வைத்தது நீதிமன்றம். ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீர் வெளியேற்றத்தை முற்றிலும் நிறுத்தக் கெடு விதித்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை உறுதி செய்தது. அப்போதும் நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மின் இணைப்பு துண்டிக்கப்பட்ட அந்த மாதங்களை ஊரில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு அரசு கொடுத்த வட்டியில்லாக் கடனும் உறுப்பினர்களின் பணமும் சேர்ந்து கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத இன்றைய பூஜ்ய வெளியேற்ற முறை நிலைபெற்றது.

அது எளிய வேலையல்ல. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். ஆகவே பட்டறையிலிருந்து வரும் நீரில் நிறத்தைவிட உப்பே பெரிய தொல்லை. நுண்ணுயிர்த் தொட்டியில் நிறமும் அழுக்கும் குறைந்தபின், உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வுகள் வழியாகப் பெரும்பகுதி நீரை மீட்டுப் பட்டறைக்கே திருப்பி அனுப்புகிறோம். மிஞ்சும் ரிஜெக்ட் என்ற அடர்ந்த உப்புநீரைக் காய்ச்சி வற்றவைத்தால் சோடியம் சல்பேட் கிடைக்கிறது. அதை மறுபடியும் சாயமேற்றப் பயன்படுத்தலாம். கடைசியில் பலவகை உப்புகள் கலந்து, வாங்க ஆளில்லாமல், மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கியிருக்கும் கலப்பு உப்புதான் இன்னும் தீராத சிக்கல். காய்ச்சும் கொதிகலனுக்கு விறகு எரிகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. இருந்தாலும், திருப்பூர் சுற்றுச்சூழலுக்காகச் செய்த மிகப் பெரிய செலவு இதுதான், அதில் ஒரு ரூபாய்கூடச் சி.எஸ்.ஆர். ஆகாது. என் கருத்தில் அது அப்படியே இருப்பதுதான் நியாயம்: நம் அழுக்கை நாமே அள்ளுவது கொடையல்ல.

பையருக்கோ இந்தச் செலவுதான் வேண்டும். ஜெர்மனியின் வழங்கல் தொடர்ச் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, அங்குள்ள பெரிய நிறுவனங்கள் தங்களுக்குச் சரக்கு தருபவரிடம் உள்ள ஆபத்துகளையும் கவனிக்கக் கடமைப்பட்டுள்ளன. கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் புதுநீர், எந்தச் சாயம், நிட்டிங்கிலும் செக்கிங்கிலும் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்பவர் தன் ஆட்களுக்கு என்ன கூலி தருகிறார் என்ற கணக்குகளைத்தான் அவர் கேட்பார். வகுப்பறைத் திறப்பு விழாப் படத்தை அனுப்பினால் நன்றி சொல்லிவிட்டு அதே கேள்விகளை மறுபடியும் அனுப்புவார். ஆகவே இரண்டு கோப்புகளைத் தனித்தனியாக வையுங்கள்.

பதில்: விவசாயி, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே

எங்களுக்குப் பாசன வசதி தருவதற்காக நொய்யலில் 1992இல் கட்டி முடித்த அணை, சாயநீர் தேங்கும் குட்டையாக மாறியதைப் பார்த்தவர்கள் நாங்கள். இப்போது ஆறு முன்பைவிடத் தெளிந்திருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிலத்தடியில் இறங்கிய உப்பு போய்விடவில்லை. என் கிணற்று நீரில் இன்றும் சோப்பு சரியாக நுரைப்பதில்லை. வாய்க்கால் ஓரத்து மண்ணில் கோடையில் வெள்ளையாகப் பூக்கிறது. மஞ்சள் போட்ட வயலில் இன்று கால்நடைத் தீவனம் மட்டுமே தேறுகிறது.

மரக்கன்று நட வருகிறவர்கள் நிறையப் பேர். பெயர்ப் பலகையோடு வந்து நட்டுவிட்டுப் போகிறார்கள். அவற்றுக்கு ஊற்றுவதற்கும் இந்த உப்புத் தண்ணீர்தான் இருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. உங்கள் 9 லட்சத்தைக் கொண்டு சில ஊர்களின் கிணறுகளை மழைக்கு முன்னும் பின்னும் பரிசோதித்து, முடிவைப் பஞ்சாயத்துச் சுவரில் எழுதி வையுங்கள். எந்தக் கிணறு தேறும், எங்கே குளத்தைத் தூர்வாரினால் நல்ல நீர் இறங்கும் என்பது அதற்குப் பின்தான் தெரியும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஐயா சொன்ன கிணற்றுப் பரிசோதனையை வீட்டில் பேசினேன். பெரியப்பா முதலில், நாமே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று தயங்கினார். அப்பா பாதித் தொகை பள்ளிக்கு என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். பரிசோதனையும் தூர்வாரலும் ஒரே ஆண்டில் முடியாது. மீதிப் பணத்தை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ள வழியுண்டா? அந்த ஊர்கள் எங்கள் தொழிற்சாலைக்கு அருகில் இல்லாதது தடையாகுமா?

பதில்: பட்டயக் கணக்காளர், கோவை

தொழில் நடக்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. வேறிடத்தில் செலவிடக் கூடாது என்று சொல்லவில்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியைத் தேர்ந்தெடுத்த காரணத்தைத் தீர்மானத்தில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

இதைத் தொடர் திட்டம் என்று ஆரம்பத்திலேயே இயக்குநர் குழு பதிவு செய்ய வேண்டும். அப்படிச் செய்தால், தொடங்கிய ஆண்டைத் தவிர்த்து மூன்று ஆண்டுகள் வரை நடத்தலாம். இந்த ஆண்டு செலவாகாத தொகையை மார்ச் 31க்குப் பிறகு 30 நாட்களுக்குள், வங்கியில் இதற்கென்றே தொடங்கும் தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். தீர்மானம் இல்லாமல் மீதி வைத்தால், ஆறு மாதத்துக்குள் அட்டவணையில் உள்ள மத்திய அரசின் நிதிகளில் ஒன்றுக்கு அதை அனுப்ப நேரிடும். தவறினால் அபராதம் உண்டு. பள்ளிக்கான பாதியை இதே தீர்மானத்தில் கலக்காமல் தனித் திட்டமாக எழுதுங்கள்.