வகுப்பில் நூலகம் வைத்த அனுபவம் உண்டா?

விளவங்கோடு டீச்சர்:
எனக்கு ஆறாம் வகுப்பு. பள்ளியில் புத்தகங்கள் இருந்தன, இரும்பு பீரோவுக்குள். இருப்புப் பதிவேட்டில் ஏறிய புத்தகம் தொலைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்று தலைமை ஆசிரியருக்குப் பயம். அவரைக் குறை சொல்லவில்லை, எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஒரு ஜூலையில் பீரோவைத் திறந்தால் அட்டையெல்லாம் பூஞ்சை, கீழ்த்தட்டில் சிதல் (கறையான்). பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் பூச்சிக்குக் கொடுத்திருக்கிறோம்! நல்லவற்றைப் பொறுக்கி வகுப்புக்குக் கொண்டுவந்தேன்.

ஜன்னல் ஓரம் கயிறு கட்டித் துணிக் கிளிப்பில் மாட்டினேன். இரண்டே நாளில் சாரல் அடித்து நனைந்தது. அப்புறம் உள்சுவருக்கு மாற்றினேன். முதுகு மட்டும் தெரிய அடுக்கினால் யாரும் தொடுவதில்லை. அட்டைப்படம் தெரிந்தால் கை தானாகப் போகிறது.

பள்ளிக்கு அரசு தரும் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் எளியதிலிருந்து நுழை, நட, ஓடு, பற என்று படி இருக்கிறதல்லவா? அதைப் பார்த்து மற்ற புத்தகங்களையும் நான்காகப் பிரித்துத் தனித்தனிக் கயிற்றில் தொங்கவிட்டேன். அது பெரிய தப்பு. ‘நுழை’ கயிற்றுக்குப் போனால் கூட்டாளிகள் சிரிப்பார்கள் என்று ஒரு பையன் ஒரு மாதம் எதையுமே எடுக்கவில்லை. இப்போது எல்லாம் கலந்துதான் தொங்குகிறது. யார் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று எடுப்பு நோட்டைப் பார்த்து நான் மட்டும் தெரிந்துகொள்வேன்.

ஒருமுறை திரும்பி வந்த புத்தகத்தில் நாலு பக்கம் ஒட்டிக்கிடந்தது. ரப்பர் பால். அதை எடுத்துப்போன பிள்ளை, லீவு நாளில் அப்பா பால் எடுக்கப் போகும்போது கூடவே போய், வாளிப் பக்கத்தில் உட்கார்ந்து படித்திருக்கிறாள். திட்ட வாய் வரவில்லை.

குளச்சல் பக்கத்து சார்:
உங்களுக்கு மழை என்றால் எங்களுக்கு உப்புக்காற்று, டீச்சர். மெல்லிய சிறுவர் புத்தகங்களில் நடுவே அடித்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, நடுத்தாள்தான் முதலில் கழன்று விழும். பசை போட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. வகுப்பில் ஒரு பையன், “நான் தச்சுத் தரட்டா சார்?” என்றான். அவன் வீட்டில் வலை வேலை. துருப்பின்னைப் பிடுங்கிவிட்டு அதே ஓட்டைகளில் தங்கூசி (நைலான் நரம்பு) கோத்து முடிச்சுப் போட்டான் பாருங்கள், பைண்டிங் கடைக்காரர் தோற்றார்.

இவன் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். கயிற்றில் தொங்கும் புத்தகம் ஒன்றைக்கூட எடுத்ததில்லை. ஆனால் தைக்கக் கொடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புரட்டிவிட்டுத்தான் தைக்கிறான். பத்து நிமிட வேலைக்கு மூன்று நாள் ஆகிறது. நானும் அவசரப்படுத்துவதில்லை. சில நேரம் நல்லா இருக்கிற பின்னை நானே கழற்றிக் கொடுத்திருக்கிறேன் (தலைமை ஆசிரியர் இதைப் படிக்காமல் இருக்கட்டும்).

தோவாளைக்காரன்:
எல்லாம் சரி, எத்தனை புத்தகம் தொலைந்தது என்று டீச்சர் சொல்லவே இல்லையே?

விளவங்கோடு டீச்சர்:
போன வருடம் ஏழு. முழுப்பரீட்சை முடிந்ததும் வீட்டை ஒதுக்கும்போது கிடைத்ததென்று நான்கு திரும்பி வந்தன. இரண்டை மழை கொண்டுபோனது, அதை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். ஏழாவது எங்கே இருக்கிறது என்று தெரியும். ஏழாம் வகுப்புக்குப் போய்விட்ட ஒரு பிள்ளையின் தம்பி கையில். கேட்கவில்லை. அவன் அடுத்த ஜூனில் என் வகுப்புக்குத்தான் வருகிறான்.