தாத்தாவின் ராணுவ எண் பாதிதான் இருக்கிறது, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தாத்தா இரண்டாம் உலகப் போரில் மதராஸ் சாப்பர்ஸில் (பாலம், சாலை போடும் ராணுவப் பொறியியல் பிரிவு) சாதாரண சிப்பாய். பர்மாவில் இருந்தார். 1944 டிசம்பரில் கலேவா பக்கம் சின்ட்வின் ஆற்றில் போட்ட பெய்லி பாலத்தை (இரும்புச் சட்டங்களைக் கோத்து அவசரமாகப் போடும் பாலம்) பற்றி அடிக்கடி சொல்வார். 1946இல் அனுப்பிவிட்டார்கள். பென்ஷனுக்கு 15 வருட சர்வீஸ் வேண்டும், இவருக்கு நாலுதான். ஊருக்கு வந்து கிணறு வெட்டப் போனார். ராத்திரி படுக்கும்முன் லாந்தரைப் பக்கத்தில் வைத்து, பர்மாவில் செய்த மாதிரியே, கால்விரல் இடுக்கில் ரத்தம் குடிக்கும் அட்டை ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். எங்கள் பொட்டல் காட்டில் ஏது அட்டை? சாகும்வரை அந்தப் பழக்கம் போகவில்லை.

அப்பத்தாவுக்கு இப்போது 95. பென்ஷன் இல்லாத அந்தப் போர்வீரர்களின் மனைவிமாருக்கும் தமிழக அரசு மாத உதவித்தொகை தருகிறது என்று இப்போதுதான் தெரிந்தது. டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டைக் கரையான் அரித்துவிட்டது, எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் இல்லை.

பெயர், தகப்பனார் பெயர், ஊர் மட்டும் கொடுத்து பெங்களூருவில் உள்ள சாப்பர்ஸ் ஆவண அலுவலகத்தில் நகல் வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? மனுவில் என்னென்ன எழுதினீர்கள்? மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகப் போவது நல்லதா, நாங்களே நேரில் போகலாமா? அப்பத்தாவால் அலைய முடியாது. தெரிந்தவர்கள் தயவுசெய்து சீக்கிரம் சொல்லுங்கள்.