தாயி கார்டும் தாய்வீடும்: பெங்களூரில் பிள்ளை பெற்றவர்கள் சொல்லுங்கள்

மர்பி டவுன்:

நாத்தனாரின் வளைகாப்பில் பந்தி முடிந்ததும் ஆண்கள் கூடத்தில் அரசியலில் இறங்கிவிட்டார்கள். தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 கிடைக்கிறது என்றார் ஒருவர். மோடியும் 5,000 தருகிறாரே என்றார் இன்னொருவர். சித்தராமையா குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 கொடுத்து, பஸ்ஸையும் இலவசமாக்கியிருக்கிறார், அதற்கென்ன சொல்கிறாய் என்று மாமனார் மடக்கினார். உள்ளே தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்த நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் விசாரித்துப் பார்த்தோம். பிள்ளைபெற்றவர்கள் அத்தனை பேர் இருந்தும், பிரசவத்துக்கென்று வரவேண்டிய பணம் ஒருத்திக்காவது முழுசாக வந்ததில்லை.

காரணம் பெரிய மர்மமில்லை. நாங்கள் மாசமாக இருப்பது ஒரு மாநிலத்தில், பிள்ளை பெறுவது இன்னொரு மாநிலத்தில். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். சலுகைகளோ மாநில எல்லையோடு நின்றுவிடுகின்றன.

என் கதை இது. முதல் குழந்தைக்கு இங்கேதான் பதிந்தேன். கர்நாடகத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரும் தாயி கார்டு கொடுத்தார்கள், ஸ்கேன், ஊசி, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் அதில் ஏறியது. வளைகாப்பு முடிந்து திருப்பத்தூருக்கு அம்மா வீட்டுக்குப் போனால், கிராம சுகாதார செவிலியர் முதலில் கேட்டது பிக்மி நம்பர், அதாவது அங்கே கர்ப்பத்தைப் பதிந்ததும் தரும் எண். அந்த எண் இல்லாமல் தமிழ்நாட்டில் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது பெரும்பாடு. தாயி கார்டை நீட்டினேன். கன்னட எழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த மாசம் என்ன ஊசி போட்டாங்க, நீயே சொல்லும்மா, எழுதிக்கிறேன்" என்றார். நல்ல மனுஷி. எண் போட்டுக் கொடுத்துவிட்டு, பணம் மட்டும் எதிர்பார்க்காதே என்றும் சொல்லிவிட்டார். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துக்கு 12 வாரத்துக்குள் அங்கே பதிந்திருக்க வேண்டுமாம். 14,000 ரொக்கம், 4,000 மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகம், எல்லாம் பக்கத்துக் கட்டில்காரிக்கு. பொறாமைப்படவில்லை என்றால் அது பொய்.

மத்திய அரசின் அந்த 5,000 ரூபாய்த் திட்டமான மாத்ரு வந்தனாவில் முதல் தவணை 3,000 பெங்களூரிலேயே வந்துவிட்டது. மீதி 2,000-க்குக் குழந்தையின் பிறப்புப் பதிவும் முதல் சுற்றுத் தடுப்பூசியும் காட்ட வேண்டும். தடுப்பூசி அட்டை தமிழில் இருந்தது. இங்கே கேட்டால் ஊசி போட்ட ஊரில் கேள் என்றார்கள், அங்கே கேட்டால் விண்ணப்பம் போட்ட ஊரில் கேள் என்றார்கள். நாடு முழுவதற்குமான திட்டத்துக்கு ஊர் என்ன, பேர் என்ன? கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இதற்கு மேல் யார் அலைவது என்று விட்டுவிட்டேன்.

இதில் ஒரு விஷயம் கூடத்து வாதத்தில் யாருக்கும் தெரியவில்லை. 2013-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு வேலையில் இல்லாத எல்லாக் கர்ப்பிணிக்கும் 6,000-க்குக் குறையாமல் தரவேண்டும் என்கிறது. 2017-ல் மாத்ரு வந்தனா திட்டமாக வந்தபோது அது முதல் குழந்தைக்கு மட்டும், 5,000 என்று சுருங்கியது. 2022-லிருந்து இரண்டாவது பெண்ணாகப் பிறந்தால் 6,000. எனக்கு இரண்டாவது பையன்!

உங்களுக்கு எப்படி நடந்தது? கட்சியை விட்டுவிட்டு நடந்ததை எழுதுங்கள்.

ஸ்ரீராமபுரம்:

கட்சியை விடச் சொல்கிறீர்கள், முடியுமா தெரியவில்லை. 2022 நவம்பரில் துமகூரில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வயிற்றில் இரட்டைக் குழந்தையோடு வலி எடுத்துப் போன பெண்ணை, தாயி கார்டும் ஆதாரும் இல்லை என்று மாவட்ட மருத்துவமனையில் சேர்க்கவில்லை. வீட்டுக்குத் திரும்பியவள் அங்கேயே பிள்ளைகளோடு இறந்துபோனாள். அவளும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவள்தான். ஒரு டாக்டரையும் மூன்று நர்ஸ்களையும் சஸ்பெண்ட் செய்தார்கள். அப்போது பாஜக ஆட்சி, சுகாதார அமைச்சர் சுதாகர் பதவி விலக வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. இரண்டு வருஷம் கழித்து பல்லாரியில் சிசேரியன் ஆன பெண்கள் அடுத்தடுத்து இறந்தார்கள், ஏற்றிய டிரிப்ஸ் பாட்டில் மேல் சந்தேகம். இப்போது காங்கிரஸ் ஆட்சி, தினேஷ் குண்டுராவ் விலக வேண்டும் என்று பாஜக கேட்டது. வசனத்தைக் கை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

சரி, என் அனுபவம். துமகூர் சம்பவத்துக்கு அடுத்த வருஷம். தம்பி மனைவி செய்யாறிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தேதிக்கு முன்னாலேயே ராத்திரியில் பனிக்குடம் உடைந்துவிட்டது. கார்டு கிடையாது, ஆதாரும் ஊர் விலாசத்தில். ஒரு அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். வாசலில் இருந்த ஆள் "தாயி கார்டு எல்லி (எங்கே)?" என்றார். எனக்குக் கன்னடம் நன்றாக வரும், இங்கேயே பிறந்தவள். குரலை உயர்த்தாமல் துமகூரு விஷயம் தெரியுமா என்று மட்டும் கேட்டேன். உள்ளே போய் யாரிடமோ பேசினார். ஸ்ட்ரெச்சர் வந்தது. சுகப்பிரசவம், ஒரு பைசா கேட்கவில்லை, மூன்று வேளைச் சாப்பாடும் கொடுத்தார்கள். அரசு ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்கு, சிசேரியனே ஆனாலும், பணம் வாங்கக்கூடாது என்று 2011-லிருந்தே மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

எனக்கு இன்னும் உறுத்துவது வேறு. கன்னடம் பேசத் தெரியாத ஒருத்தி தனியாகப் போயிருந்தால்?

பொம்மனஹள்ளி:

நான் கார்மென்ட்ஸில் டெய்லர். எங்களுக்கு இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. 26 வாரம் முழுச் சம்பளம், அதை இஎஸ்ஐதான் தருகிறது. முதலாளி கையிலிருந்து தனியாக எதுவும் போவதில்லை. இருந்தும் வயிறு தெரிய ஆரம்பித்ததும் சூப்பர்வைசர் முகம் மாறும். "டார்கெட் வருமா, பாத்ரூமுக்கு எத்தனை தடவை போவாய்" என்பார். நேரடியாக வேலையை விட்டு நிற்கச் சொல்ல மாட்டார்கள். நீங்களே நின்றுவிடும்படி நடந்துகொள்வார்கள். என்னோடு சேர்ந்தவர்களில் ஒருத்தி அப்படித்தான் நின்றாள். இஎஸ்ஐ பணத்துக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் (ஒன்று ஆறு மாதம்) 70 நாள் சந்தா கட்டிய கணக்கு இருக்க வேண்டும். அவளுக்கு அது இருந்தது. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை.

2017-ல் மகப்பேறு விடுப்புச் சட்டத்தைத் திருத்தி 12 வாரத்தை 26 ஆக்கியபோது டிவியில் எல்லாக் கட்சியும் கைதட்டியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்பதும் அதே திருத்தத்தில்தான் வந்தது. எங்கள் இடத்தில் காப்பகம் இருக்கிறது. பூட்டும் இருக்கிறது. எங்களிடம் துணி வாங்கும் பெரிய கம்பெனிக்காரர்கள் ஆய்வுக்கு வரும்போது பொம்மைகளைத் துடைத்து அடுக்குவார்கள். ஆறு மாதம் முடிந்ததும் பிள்ளையைத் தர்மபுரியில் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தேன். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகிவிடும். டாய்லெட்டில் நின்று பீய்ச்சிவிட்டு மறுபடி மிஷினில் உட்காருவேன். எங்கள் லைனில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான், ஊரில் பாட்டிகள் இல்லையென்றால் இந்த ஃபாக்டரிகள் ஓடாது.

ஒயிட்ஃபீல்ட்:

வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் வரி கட்டுகிறவன் என்ற முறையில் கேட்கிறேன்: எல்லாவற்றுக்கும் பணம், இலவசம் என்று போனால் ஆஸ்பத்திரி கட்டக் காசு எங்கிருந்து வரும்? 2,000 கொடுப்பதற்குப் பதில் டாக்டரைப் போடலாமே.

ஈஜிபுரா:

தம்பி, டாக்டரையும் போடட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது. உங்கள் ஆபீஸில் பெண்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு கிடைக்கிறது, அதை யாரும் இலவசம் என்று சொல்வதில்லை. நான் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்தேன். வீட்டு வேலைக்கு அந்தச் சட்டமும் இல்லை, இஎஸ்ஐயும் இல்லை. எட்டாம் மாதம் நின்றேன், திரும்பிப் போனபோது இரண்டு வீட்டில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, பாத்திரம் காத்திருக்குமா?

இலவச பஸ் பற்றி ஒன்று. 2023 ஜூனில் சக்தி திட்டம் வந்த பிறகு என் மருமகள் மாதாமாதம் செக்கப்புக்குத் தவறாமல் போனாள். நான் பிள்ளை பெற்ற காலத்தில் பஸ் காசுக்காகவே பாதி செக்கப்புக்குப் போகவில்லை. ஆனால் கர்நாடக விலாசம் இருந்தால்தான் அந்த டிக்கெட். பக்கத்து வீட்டில் கிருஷ்ணகிரிப் பெண், ஊர் ஆதார். அதே பஸ், அதே ஆஸ்பத்திரி, அவள் காசு கொடுத்துத்தான் போகிறாள்.

பெயர் வேண்டாம்:

தாய்மார்கள் பேசும் இடத்தில் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். நான் தாயாகாதவள். பிஜி விடுதியில் தங்கி வேலை பார்த்தபோது கருவைக் கலைக்க ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். எட்டு வாரம்கூட ஆகவில்லை. கணவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். கல்யாணம் ஆகவில்லை என்றதும் அப்பாவைக் கூட்டி வா என்றார்கள். 18 வயது முடிந்தவளுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும் என்பது சட்டம். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்று பிரிக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டது. இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. இன்னொரு டாக்டரம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் பார்த்தார். வெளியே வரும்போது, "சாப்டியாம்மா?" என்றார், தமிழில். எந்தக் கட்சித் தேர்தல் அறிக்கையிலும் என்னைப் போன்றவளுக்கு ஒரு வரி இருந்து நான் பார்த்ததில்லை.

லிங்கராஜபுரம்:

நான் ஆஷா ஊழியர், வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பதிந்து கவனிக்கும் சுகாதாரப் பணி. வீட்டில் தமிழ். எல்லோரும் எங்களைத் திட்டுவீர்கள் என்று பயந்துகொண்டே படித்தேன்.

மர்பி டவுன் அக்கா சொன்னது தினமும் நடக்கிறது. எங்கள் தெருவில் பாதிக் கர்ப்பிணிகள் ஏழாம் மாதம் காணாமல் போய்விடுவார்கள். எங்கள் போன் ஆப்பில் அவர்கள் பெயர் அப்படியே நிற்கும். பிரசவம் ஆச்சா, தாயும் பிள்ளையும் நலமா என்று மேலே இருந்து எங்களைத்தான் கேட்பார்கள். நான் போன் போட்டால் அங்கே அம்மா எடுத்து, "யாரும்மா நீ?" என்பார். ஆதார் எந்த ஊராக இருந்தாலும் இங்கே குடியிருந்தால் நான் தாயி கார்டு போட்டுக் கொடுத்திருக்கிறேன். முடியாது என்று திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை.

ஆனால் எங்கள் நிலைமையும் தெரியட்டும். அரசின் கணக்கில் நாங்கள் ஊழியர்கள்கூட இல்லை, தொண்டர்கள். 2025 ஜனவரியில் ஃப்ரீடம் பார்க்கில் ராத்திரி பகலாக உட்கார்ந்தோம், மாதம் 15,000 கேட்டு. குறைந்தது 10,000 என்று முதலமைச்சர் வாக்குக் கொடுத்த பிறகுதான் எழுந்தோம். அந்தக் குளிரில் கைக்குழந்தையோடு வந்தவர்களும் இருந்தார்கள்.

கே.ஆர். புரம்:

அக்கா, ஒரு சந்தேகம். தங்கைக்கு இப்போதுதான் உறுதியாகியிருக்கிறது, ஒன்பது வாரம். பிரசவம் வேலூரில் அம்மா வீட்டில். இப்போதே போய் அங்கே பிக்மி நம்பர் வாங்கிவிடட்டுமா?

மர்பி டவுன்:

உடனே வாங்கச் சொல்லுங்கள், 12 வாரம் தாண்டினால் போச்சு. இங்கே தாயி கார்டும் போட்டு வையுங்கள். அவசரத்துக்கு எந்த ஊரில் வலி எடுக்கும் என்று யாருக்குத் தெரியும்.

லிங்கராஜபுரம்:

அக்கா, அவசரப்படாதீங்க. ஒரே ஆதாரை இரண்டு மாநிலத்தில் போட்டால் எங்கள் பக்கம் பதிவு சிக்கிக்கொள்கிறது, எனக்கே அப்படி நடந்திருக்கிறது. எங்கே பெறப் போகிறாள் என்று முதலில் முடிவு செய்யச் சொல்லுங்கள். இங்கேதான் என்றால் நானே வந்து பதிகிறேன், கே.ஆர். புரம் என் ஏரியா இல்லை என்றாலும் அங்கே தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

கே.ஆர். புரம்:

அதுதான் பிரச்சினை. அவள் இங்கேயே இருக்கிறேன், பார்க்கிற டாக்டரை மாற்ற வேண்டாம் என்கிறாள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. காலையிலிருந்து போனில் இதே சண்டைதான் நடக்கிறது.