மட்டக்களப்பில் நல்ல கவிதை நூல்களை எங்கே வாங்கலாம்?

வாவிக்கரை வாசகன்:

அனைவருக்கும் வணக்கம். சில மாதங்களாக மட்டக்களப்பு நகரத்துப் புத்தகக் கடைகளில் ஈழத்துக் கவிதை நூல்களைத் தேடி வருகிறேன். கடைகளின் முன்பகுதி முழுவதும் புலமைப்பரிசில் வழிகாட்டிகளும் கடந்தகால வினாத்தாள்களும் அப்பியாசக் கொப்பிகளும் நிறைந்திருக்கின்றன. பெற்றோரின் தேவை அதுவாக இருப்பதால் அதை நான் குறைகூறவில்லை. ஆனால் உட்பக்கத்திலுள்ள இலக்கியத் தட்டிலும், பாரதியார் கவிதைகளையும் திருக்குறள் உரைகளையும் விட்டால், சோதிட நூல்களுக்கும் சமையற் குறிப்புகளுக்கும் நடுவே செருகப்பட்ட ஒன்றிரண்டு மெல்லிய தொகுப்புகளே அகப்படுகின்றன. ஒரு கடையில் நீலாவணனின் கவிதைகள் இருக்கின்றனவா என்று கேட்டேன். "எந்த வகுப்புக்கு?" என்று கேட்டார்கள்.

பெரியநீலாவணையில் பிறந்த ஒரு கவிஞரின் நூலைப் பக்கத்து நகரத்தில் வாங்க முடியவில்லை என்பது மிகுந்த வேதனையைத் தருகிறது. உயர்தரத்தில் தமிழ் படிக்கும் என் மகளுக்குப் பாடத்திட்டத்துக்கு அப்பாலும் நம் மண்ணின் கவிதைகளை வாசிக்கக் கொடுக்க விரும்புகிறேன். இவற்றை எங்கே தேடுவது, எந்த நூலிலிருந்து தொடங்குவது என்று தெரிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அச்சும் பிழைதிருத்தமும்:

ஐயா, கவிதை நூல்களின் அச்சு வேலையில் பல காலமாக உதவி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். கிழக்கில் கவிதை நூல்கள் வெளிவருவது குறையவில்லை. அவை கடைக்கு வந்து சேர்வதில்லை என்பதுதான் உண்மை நிலை. இங்கு பெரும்பாலான கவிஞர்கள் சொந்தப் பணத்திலேயே முந்நூறு அல்லது ஐந்நூறு பிரதிகள் அச்சிடுகிறார்கள். வெளியீட்டு விழாவில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி, நயவுரை, ஏற்புரை எல்லாம் முறையாக நடக்கும். வந்தவர்கள் கடித உறையில் இயன்றதை வைத்துக் கொடுத்து ஒரு பிரதியைப் பெற்றுச் செல்வார்கள். அச்சகக் கடன் அன்றைக்கே ஓரளவு தீர்ந்துவிடும். மிகுதிப் பிரதிகள் கவிஞரின் வீட்டு அலுமாரிக்குப் போய்விடும். அதன் பிறகு அவற்றைக் கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுத்து, விற்ற கணக்கைக் கேட்டு வாங்கிவர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நம்மிடம் இல்லை.

கடைக்காரரின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அறுபது பக்கத் தொகுப்பு ஒன்றின் முதுகில் நூலின் பெயரை அச்சிட இடமிருக்காது. பல நூல்கள் நடுவில் பின் அடித்தே வருகின்றன. தட்டில் நிமிர்த்தி வைத்துவிட்டால் அந்த நூலை யாராலும் அடையாளம் காண முடியாது. விற்ற பின் காசு என்ற ஏற்பாட்டில் எடுத்த பிரதிகளைத் திரும்பக் கேட்டு ஒருவரும் வராததால், அவை அங்கேயே பழுப்பேறிக் கிடப்பதைக் கண்டிருக்கிறேன். தமிழ்நாட்டுப் பதிப்புகளின் நிலை வேறு. 2022 இல் நம் ரூபாயின் பெறுமதி வீழ்ந்த பிறகு அவற்றின் விலை மிகவும் கூடிவிட்டது. விற்குமா என்று தெரியாத கவிதை நூலில் எந்தக் கடைக்காரர் முதல் போடுவார்?

ஆகவே, நூலைத் தேடுவதற்குப் பதிலாக ஆளைத் தேடுங்கள். உள்ளூர்ப் பதிப்புகளின் விபரப் பக்கத்தில் பெரும்பாலும் ஆசிரியரின் முகவரியும் தொலைபேசி இலக்கமும் இருக்கும். உண்மையில் அந்த முகவரிதான் அந்த நூலின் விற்பனை நிலையம். நூலகத்தில் ஒரு பிரதியைப் பார்த்து அவரோடு தொடர்பு கொண்டால், மகிழ்ச்சியோடு தபாலில் அனுப்பிவைப்பார்.

மருதமுனை வாசகி:

மேலே கூறப்பட்டவற்றோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலை கல்முனைக் கரையோரத்தில் வீடுகளோடு வீட்டு நூல் சேகரிப்புகளையும் அழித்துவிட்டது. நூறு வீடுகளில் ஒவ்வொன்றாக இருந்த பழைய தொகுப்புகள் இரவல் வாங்கவும் இன்று கிடைக்காததற்கு அது பெரிய காரணம். பழைய நூல்களை "நூலகம்" என்ற பெயருடைய நிறுவனத்தின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். 2005 முதல் இயங்கிவரும் அந்தத் தளத்தில் ஈழத்து நூல்களையும் சிற்றிதழ்களையும் இலவசமாக வாசிக்கலாம். கையில் வைத்து வாசிப்பதற்கு அது ஈடாகாது என்றாலும், எந்த நூலை வாங்க வேண்டும் என்று தீர்மானிக்கப் பெரிதும் உதவும்.

தமிழாசிரியர், கல்முனை:

எதிலிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு என் விடை, 1984 இல் க்ரியா பதிப்பகம் வெளியிட்ட "பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்" என்ற தொகுப்பாகும். எம். ஏ. நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த அந்த நூலிலுள்ள பதினொருவரில் நீலாவணன், நுஃமான், சண்முகம் சிவலிங்கம் ஆகிய மூவரும் பெரியநீலாவணைக்கும் கல்முனைக்குடிக்கும் இடைப்பட்ட சில மைல் தூரத்துக்குள் வாழ்ந்தவர்கள். உங்கள் மகள் தமக்குப் பழக்கமான வயலையும் கடலையும் கவிதையில் காணும்போது, வாசிப்பு அவருக்குத் தேர்வுச் சுமையாகத் தோன்றாது. வகுப்பறையில் இதைப் பலமுறை கண்டவன் என்பதால் உறுதியாகவே சொல்கிறேன். அதன் பின்னர் நீலாவணனின் "வேளாண்மை" காவியத்தைக் கொடுங்கள். கிழக்கின் வயற்காட்டு வாழ்வையும் பேச்சையும் அத்தனை நெருக்கமாகக் கொண்டுவந்த இன்னொரு நெடுங்கவிதையை நான் வாசித்ததில்லை. சோலைக்கிளியின் படிமங்கள் முதலில் சற்று மிரட்டும். ஆனால் இளையவர்கள் பெரியவர்களைவிட விரைவாக அவற்றுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். சாய்ந்தமருதைச் சேர்ந்த அனாரின் "எனக்குக் கவிதை முகம்" தமிழ்நாட்டில் காலச்சுவடு வெளியீடாக வந்தது. கொழும்பிலிருந்து தருவிக்கும் கடைக்காரரிடம் பெயரும் பதிப்பகமும் எழுதிக் கொடுத்தால், வரவழைத்துத் தருவதற்கு வாய்ப்புண்டு.

வாவிக்கரை வாசகன்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பொது நூலகத்தில் "வேளாண்மை" இருக்கிறதா என்று இந்த வாரமே பார்க்கிறேன். ஐயா, ஒரு கடைக்காரர் எனக்கு நன்கு பழக்கமானவர். நான்கைந்து கவிஞர்களின் நூல்களை முகப்பு அட்டை தெரியும்படி ஒரு சிறு தட்டில் வைக்க அவர் இணங்கினால், மாதமொருமுறை கணக்குப் பார்த்துப் பணத்தைக் கவிஞர்களிடம் சேர்ப்பிக்கும் வேலையை நானே செய்ய ஆயத்தமாக இருக்கிறேன். கடைக்கு எவ்வளவு கழிவு கொடுப்பது வழக்கம்?

அச்சும் பிழைதிருத்தமும்:

விலையில் மூன்றில் ஒரு பங்கு அளவில் பேசிப் பாருங்கள். எத்தனை பிரதிகள் கொடுத்தீர்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதி, கடைக்காரரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நூலுக்கு ஐந்து பிரதிகளுக்கு மேல் முதலில் வைக்க வேண்டாம். நூல் தர விரும்பும் கவிஞர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களிடம் இன்றே பேசுகிறேன்.